வாளுறை: வாயிலிருந்து முனைவரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வாளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதை உருவிக் காட்டச் சொல்கிறார்கள். அலகின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், கைப்பிடியைப் பற்றி எடை பார்க்கிறார்கள். அதுவரை உறை மேசையின் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும். எனக்கு அது வருத்தம் தரும் காட்சி. வாள் இன்னும் எத்தனை ஆண்டுகள் வாளாக இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஓரத்தில் கிடக்கும் அந்தப் பொருள்தான்.

இதை நான் அனுபவப்பட்டே கற்றுக்கொண்டேன். ஒரு வாளைத் தோலுறைக்குள் போட்டுத் துணி சுற்றி வைத்துவிட்டு, ஒரு மழைக்காலம் கழித்து எடுத்தேன். அலகின் ஒரு பக்கத்தில், சீரான இடைவெளியில், வரிசையாகச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. உறையை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தையல் துளை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. ஈரம் துளை வழியே உள்ளே போய் எஃகில் தன் தடத்தைப் பதித்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வாளைக் கையில் எடுத்தாலும் முதலில் உறையின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பேன்.

உறையைப் பற்றி ஒரே ஒரு விதியைத்தான் மனப்பாடம் செய்யவேண்டும் என்றால் அது இதுதான்: உறை தன் வாயில், அதாவது வாள் நுழையும் திறப்பில், வாளை இறுகப் பிடிக்கவேண்டும், அலகின் கூர் விளிம்பை எங்கும் தொடக்கூடாது. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி லூயிஸ் நோலன் ஒரு சான்று விட்டுச் சென்றிருக்கிறார். 1853-இல் வெளிவந்த தம் குதிரைப்படை நூலில் அவர் ஐதராபாத் நிஜாமின் குதிரைவீரர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் வாளால் ஏற்படுத்திய வெட்டுக் காயங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, அப்படி என்ன வாள் அது என்று விசாரித்திருக்கிறார். பார்த்தால், பிரிட்டிஷ் படை கழித்துப்போட்ட பழைய அலகுகள்! கைப்பிடியை மட்டும் மாற்றி, சவரக்கத்தி போலத் தீட்டி, மரவுறையில் வைத்திருந்தார்கள். போரில் அன்றி அவற்றை உருவுவதும் இல்லை. அதே அலகுகள் பிரிட்டிஷ் வீரரின் இடுப்பில் இருந்த காலத்தில் இரும்புறைக்குள் கிடந்தன. உருவும்போதும் செருகும்போதும் இரும்போடு இரும்பு உரசிக் கூர் மழுங்கியது. அலகு ஒன்றேதான், உறை மட்டும் மாறியது.

முதலில் சொற்கள்

தமிழில் ‘உறை’ என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. தலையணைக்கும் உறை, கடிதத்துக்கும் உறை, கைக்குக் கையுறை, காலுக்குக் காலுறை, வாளுக்கு வாளுறை. ஆங்கிலத்தில் மென்மையான தோலுறையை ஷீத் என்றும், விறைப்பான வாளுறையை ஸ்கேபர்ட் என்றும் பெரும்பாலும் பிரித்துச் சொல்வார்கள். நாம் பொருளைச் சேர்த்து மரவுறை, தோலுறை, இரும்புறை என்று சொன்னால் போதும், குழப்பம் வராது.

பழந்தமிழில் ‘தடறு’ என்றும் ஒரு சொல் இருந்தது. இன்று வழக்கில் இல்லை. ஆனால் ‘கழித்தல்’ என்ற வினையை மீட்டெடுக்கலாம் என்பது என் ஆசை. உறையிலிருந்து வாளை வெளியே எடுப்பதை நாம் இன்று ‘உருவுதல்’ என்கிறோம். சங்கத் தமிழில் ‘உறை கழித்தல்’. பதிற்றுப்பத்தில் ‘புலியுறை கழித்த’ என்று வருகிறது. புலித்தோலால் ஆன உறையிலிருந்து வெளிவந்த ஆயுதம், மின்னல் பரவியதுபோல ஒளிர்ந்ததாம். உறை எதனால் ஆனது என்பதையும் அதிலிருந்து வாள் எப்படி வெளிவந்தது என்பதையும் இரண்டே சொற்களில் சொல்லிவிட்டார்கள். உள்ளே வைப்பதற்கு ‘உறையிலிடுதல்’, ‘செருகுதல்’ என்ற இரண்டும் வழக்கில் இருக்கின்றன.

உறை என்ற பொருள் பிற மொழிகளிலும் எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஸ்பானிய மொழியில் உறைக்கும் காயின் மேல்தோட்டுக்கும் ‘பைனா’ என்று பெயர். அதன் சிறுமை வடிவத்திலிருந்து வந்ததுதான் வெனிலா. நீண்டு மெலிந்த அந்தக் காய் அவர்கள் கண்ணுக்குச் சின்ன வாளுறையாகத் தெரிந்திருக்கிறது. வண்டினத்தைக் குறிக்கும் ‘கோலியாப்டெரா’ என்ற அறிவியல் பெயருக்கு ‘உறைச் சிறகுகள்’ என்று பொருள். மெல்லிய பறக்கும் சிறகைக் கெட்டியான மேற்சிறகு மூடிக் காப்பதை ஒரு வண்டின் முதுகில் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும்.

இனி உறுப்புகள். வாயில் தொடங்கி முனைவரை இறங்குவோம்.

வாய் என்பது வாள் நுழையும் திறப்பு. ஜப்பானியர் இதற்குக் ‘கொயிகுச்சி’ என்று பெயர் வைத்தார்கள். கெண்டை மீனின் வாய் என்று பொருள். ஜப்பானிய உறையை வாய்ப்பக்கமாக நேரே பார்த்தால் திறந்த மீன்வாயேதான். அலகின் அடியில் ‘ஹபாகி’ என்ற சிறிய உலோகக் கழுத்துப்பட்டை இருக்கும். அது ஆப்புபோலச் சரிவாக இருப்பதால் வாயில் வந்து இறுகிக்கொள்ளும். வாளைத் தாங்கும் வேலையை ஹபாகி ஏற்றுக்கொள்வதால் அலகு உள்ளே கிட்டத்தட்ட மிதந்துகொண்டிருக்கும். அதன் முதுகு மட்டுமே மரத்தில் சாயும். மேலே சொன்ன விதிக்கு இதைவிடத் தெளிவான வடிவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வாயைச் சுற்றியிருக்கும் உலோகப் பட்டையை வாய்ப்பூண் என்று சொல்லலாம். உலக்கையின் நுனி பிளக்காமல் இருக்கப் போடும் இரும்பு வளையத்தையும் நாம் பூண் என்றுதானே சொல்கிறோம்? இங்கேயும் வேலை அதுவே. ஆங்கிலத்தில் லாக்கெட், இந்துஸ்தானியில் முஹ்நால். நடுவில் இருப்பது இடைப்பூண். முனையைக் காப்பது முனைப்பூண். ஆங்கிலத்தில் சேப், இந்துஸ்தானியில் தஹ்நால், ஜப்பானியத்தில் கொஜிரி. குதிரைப்படை வாள்களின் இரும்புறைகளில் முனைக்கும் கீழே மெல்லிய தகட்டு விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் டிராக். வீரர் குதிரையிலிருந்து இறங்கி நடக்கும்போது தரையில் இழுபட்டுத் தேய்வது உறையாக இல்லாமல் அந்த விளிம்பாக இருக்கவேண்டும் என்பதற்காக வைத்தார்கள்.

அகழாய்வுகளில் முனைப்பூணுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. மரமும் தோலும் மண்ணில் மக்கிவிடும், பூண் மட்டும் நிற்கும். பல இடங்களில் ஒரு வாளுறை இருந்தது என்பதற்கே வெண்கல முனைப்பூண் ஒன்றுதான் சாட்சி. எகிப்திய அரசர் தூத்தன்காமன் உடலோடு கிடைத்த இரும்புக் குறுவாளின் தங்க உறையில், முனை ஒரு நரியின் தலையாக முடிகிறது. பூண் என்பது காப்பு மட்டும் இல்லை, கைவினைஞர் தம் கைத்திறனைக் காட்டும் இடமும்கூட.

பூண்களுக்கு இடையில் இருப்பது உடல். அதில் மூன்று அடுக்குகள் உண்டு. உள்ளே துணியோ கம்பளியோ ஆன உட்போர்வை. நடுவில் இரண்டு மரப்பாளங்களைச் சேர்த்த மரக்கூடு. வெளியே தோல், வெல்வெட், அரக்கு என்று ஏதோ ஒரு மேற்போர்வை. எல்லா உறைகளிலும் மூன்று அடுக்கும் இருப்பதில்லை. ஜப்பானிய உறையில் உட்போர்வை கிடையாது. ஆங்கிலோ-சாக்சன் உறைகளின் எச்சங்களில் ஆட்டுக் கம்பளி உட்போர்வையின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

கடைசியாகத் தொங்கல். உறையை உடலோடு இணைக்கும் எல்லாவற்றுக்கும் இந்தப் பொதுப்பெயரை வைத்துக்கொள்கிறேன். தோளின் குறுக்கே போகும் வார் ஆங்கிலத்தில் பால்ட்ரிக், இந்துஸ்தானியில் பர்தலா, நமக்குத் தோள்வார். இடைவாரில் கோத்து உறையைச் செருகிவைக்கும் தோல் பைக்கு ஆங்கிலத்தில் ஃபிராக், அதாவது தவளை என்றே பெயர். ஜப்பானிய உறையின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் குமிழ் குரிகதா. அதில் கோத்துக் கட்டும் நாடா சகெயோ. சீனத்தில் ஹான் காலத்து உறைகளில் ஜேட் கல்லில் செதுக்கிய ஒரு பட்டைத்தாங்கி முகப்பில் ஒட்டியிருக்கும். இடைவார் அதற்குள் நுழைந்து வெளியே வரும்.

சில மரபுகள் தமக்கென்று தனிச்சொற்களையே வைத்திருக்கின்றன. ஜாவாவின் கிரிஸ் குறுவாளின் உறையில் மேலே படகுபோல அகன்றிருக்கும் பகுதி வரங்கா, கீழே தண்டு கந்தார், அதன்மேல் போடும் உலோகச் சட்டை பெண்டோக். நேபாளத்துக் குக்ரி என்ற வளைகத்தியின் உறை தாப். அதன் பின்புறத்தில் கர்தா, சக்மக் என்ற இரண்டு சிறு கத்திகளுக்கும் இடம் உண்டு.

தொங்கலைப் பார்த்து மரபை அறிதல்

முன்பின் தெரியாத ஓர் உறை கையில் கிடைத்தால் அலங்காரத்தில் மயங்கவேண்டாம். முதலில் தொங்கலைப் பாருங்கள். வளையம் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, வாளின் கூர் எந்தப் பக்கம் பார்க்கும் என்ற மூன்று கேள்விகள் பாதி விடையைக் கொடுத்துவிடும்.

உரோமானியக் குறுவாளான கிளாடியஸின் உறையில் மேல்பகுதியில் நான்கு வளையங்கள் இருக்கும். சாதாரணப் படைவீரர் அதை வலப்பக்கம் அணிந்தார். நூற்றுவர் தலைவர் இடப்பக்கம் அணிந்தார். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1848-இல் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் உறையின் வாய்ப்பக்கத் தகட்டில் பேரரசர் அகஸ்டஸுக்கு முன், அவருக்குப் பின் பேரரசரான திபேரியஸ் நிற்கும் காட்சி பொறித்திருக்கிறது. உறை என்பது அந்தக் காலத்தின் அரசியல் சுவரொட்டியாகவும் இருந்திருக்கிறது.

ஜப்பானில் கதானா என்ற வளைந்த வாளை இடைக்கச்சையில் கூர் மேல்நோக்கியிருக்கச் செருகுவார்கள். அதற்கு முந்தைய மரபான தாச்சியைக் கூர் கீழ்நோக்கியிருக்கத் தொங்கவிடுவார்கள். தாச்சியின் உறையில் இரண்டு தொங்கல் பட்டைகளும், கதானாவின் உறையில் ஒரே ஒரு குரிகதாவும் இருப்பது இதனால்தான். காகசஸ் மலைநாட்டு ஷஷ்கா என்ற வாளும் கூர் மேல்நோக்கித் தொங்கும். அதற்குக் கைக்காப்பு, அதாவது கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் தகடு, கிடையாது. கைப்பிடியின் பெரும்பகுதி உறைக்குள்ளேயே போய்விடும். குதிரைமேல் மழையில் போகிறவருக்கு அது பெரிய வசதி.

இருக்கும் உறையைச் சோதித்தல்

புதிய உறையைச் செய்வதற்கு முன் கையில் இருக்கும் உறை நல்லதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

செருகிய வாளைத் தடிமனான மெத்தைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். வாள் தன் எடையில் நழுவி விழக்கூடாது. பிறகு நேராக நிமிர்த்திக் கைக்காப்பைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். சிறு அழுத்தத்தில் விடுபடவேண்டும். நழுவினால் வாய் தளர்ந்திருக்கிறது. தள்ளியும் அசையாவிட்டால் மரம் ஈரத்தில் வீங்கியிருக்கலாம், அல்லது உள்ளே துரு இருக்கலாம்.

அடுத்து, காதோரம் பிடித்து இலேசாக ஆட்டுங்கள். கடகட என்றால் முனை உள்ளே மோதுகிறது.

மெதுவாக உருவிக் கேளுங்கள். திரைப்படங்களில் வாளை உருவும்போது ஒரு நீண்ட உலோக ஒலி எழும். நல்ல மரவுறையிலிருந்து அப்படி எந்த ஒலியும் வராது. மரத்தில் துணி உரசுவதுபோல ஒரு சிறு முனகல்தான் கேட்கும். உலோக ஒலி கேட்டால் எங்கோ கூர் பூணில் உரசுகிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை அந்த வாளை மறுபடியும் செருகாதீர்கள்.

வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு குச்சியில் சுற்றி உறைக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். பழுப்பு என்றால் துரு. பச்சை என்றால் பித்தளையும் தோலும் ஒன்றோடொன்று வினைபுரிந்திருக்கின்றன. மணல்போல நறநறத்தால் உள்ளே தூசி இருக்கிறது. அது ஒவ்வொரு முறை உருவும்போதும் அலகில் கோடு கிழிக்கும். கடைசியாக, மரப்பாளங்கள் சேரும் பொருத்துவாயில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. கூர்ப்பக்கத்துப் பொருத்துவாய் விட்ட உறை ஆபத்தானது. ஏன் என்பதை உருவும் பகுதியில் சொல்கிறேன்.

மரவுறை செய்யும் முறை

இங்கே நேரான இருபுறக் கூர்வாள் ஒன்றுக்கான மரவுறையை எடுத்துக்கொள்கிறேன். இந்த வடிவம்தான் கற்றுக்கொள்ள எளியது. வளைந்த வாளுக்கும் படிகள் இவையே. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: வளைவை அகலமான பலகையில் வரைந்து அறுத்தெடுக்கவேண்டும், நேரான பாளத்தை வளைத்துச் செய்யக்கூடாது, அது காலப்போக்கில் நிமிரும்.

முதல் படி, மரத்தைத் தேர்வது. மென்மையான, நேரான நார் ஓடும், நன்றாக உலர்ந்த மரம் வேண்டும். ஜப்பானிய உறை செய்வோர் ஹோனோகி என்ற மக்னோலியா மரத்தைத்தான் எடுப்பார்கள். அதில் பிசின் குறைவு, அலகைக் கீறாது. லிண்டன், பாப்லர் வகை மரங்களும் பொருந்தும். ஓக் வேண்டவே வேண்டாம்: அதன் துவர்ப்பொருளும் அதிலிருந்து எழும் அமில ஆவியும் இரும்பைத் தின்னும். பார்வைக்கு அழகாக இருக்கிறதே என்று ஓக்கில் உறை செய்துவிட்டு, சில மாதங்களில் அலகில் கருமை படர்ந்ததைப் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு.

இரண்டாம் படி, அளவெடுப்பது. அலகின் இரண்டு கூர்களிலும் காகித நாடாவை ஒட்டி மூடிவிடுங்கள். உங்கள் விரலுக்கும் அதுவே காப்பு. அலகைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்து, வாய், நடு, முனை என மூன்று இடங்களில் தடிமனை அளந்து எழுதுங்கள். மரப்பாளம் அலகைவிட இருபுறமும் 8 மி.மீ. அகலமாகவும், முனையைத் தாண்டி 15 மி.மீ. நீளமாகவும் இருக்கட்டும். 6 மி.மீ. தடிமனில் தொடங்கினால், குடைந்த பிறகு ஏறக்குறைய 3 மி.மீ. சுவர் மிஞ்சும். இரண்டு பாளங்களையும் ஒரே பலகையிலிருந்து பிளந்தெடுங்கள். ஒரே மரத்தின் இரு பாதிகள் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி அசையும்; வெவ்வேறு மரங்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

மூன்றாம் படி, குடைவது. இதுதான் உறையின் உயிர். இங்கே ஒரு முழு நாளைச் செலவழியுங்கள், அது வீண்போகாது. அலகின் பாதித் தடிமனை ஒரு பாளத்திலும் மறுபாதியை மற்றொன்றிலும் குடையவேண்டும். கூர் வரும் ஓரங்களில் 1 அல்லது 2 மி.மீ. கூடுதலாக இடம் விடுங்கள். முனைக்குக் கீழே 5 முதல் 10 மி.மீ. வெற்றிடம் வேண்டும், வாள் உறையின் அடியில் முட்டி நிற்கக்கூடாது, கைக்காப்பு வாயில் வந்து அமர்ந்துதான் நிற்கவேண்டும். வளைந்த வாயுள்ள உளியால், முதலில் நடுவில் ஆழமில்லாமல் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

நான்காம் படி, எண்ணெய்ச் சோதனை. இதைச் செய்யும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும். அலகில் மிக மெல்லிதாக எண்ணெய் தடவுங்கள். ஒரு துளியைத் துணியில் விட்டுத் துடைத்தால் போதும். இரண்டு பாளங்களையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, வாளை மெதுவாகச் செருகி, நேராக உருவுங்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் வெளிறிய மரத்தில் ஆங்காங்கே பளபளப்பான கருமை தெரியும். அலகு தொட்ட இடங்கள் அவை. அந்தப் புள்ளிகளை மட்டும் சீவி, மறுபடியும் எண்ணெய், மறுபடியும் கட்டு. பத்து, பதினைந்து முறைகூட ஆகலாம். கூர் ஓரத்தில் ஒரு சுவடுகூட விழாமல், வாயருகே மட்டும் இருபக்கமும் சீரான கறை விழும்போது நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி உட்போர்வை. விரும்பினால் மட்டும். கம்பளித் துணி சிறந்தது. அதற்கான தடிமனைக் குடையும்போதே கணக்கில் சேர்த்திருக்கவேண்டும். பதனிட்ட ஆட்டுத்தோலை அப்படியே ஒட்டுகிறார்கள். நான் அதைத் தவிர்ப்பேன், பதனிட்ட உப்புகள் அதில் தங்கியிருந்தால் எஃகைக் கெடுக்கும்.

ஆறாம் படி ஒட்டுவது. ஓரப் பரப்பில் மட்டும், மெல்லிதாக, பள்ளத்தின் விளிம்புக்கு 2 மி.மீ. தள்ளிப் பசை தடவுங்கள். உள்ளே பிதுங்கிக் காய்ந்த பசைத்துளி கண்ணாடிச் சில்லுபோல அலகைக் கீறும். 5 செ.மீ.க்கு ஒரு கவ்வியோ, நெருக்கமான கயிற்றுச் சுற்றோ போட்டவுடன், குச்சியில் சுற்றிய ஈரத்துணியை உள்ளே ஒரு முறை இழுத்துவிடுங்கள். மறுநாள் பசை பிடித்திருக்கும். ஆனாலும் ஒரு வாரம் பொறுங்கள். மரத்துக்குள் போன ஈரம் முழுவதும் வெளியேறாமல் வாளைச் செருகினால், இத்தனை உழைப்பும் துருவுக்கு இடம் கொடுத்ததாக முடியும்.

ஏழாம் படி, வெளிப்புறத்தைச் சீவி வடிவாக்குவது. முனைநோக்கி மெலியட்டும். வாயருகே சுவர் தடிமனாகவே இருக்கட்டும். எல்லா அழுத்தமும் அங்கேதான்.

எட்டாம் படி மேற்போர்வை. முதலில் மெல்லிய லினன் துணியைப் பசையில் தோய்த்துச் சாய்வாகச் சுற்றுங்கள். மரம் பிளந்தாலும் உறை உடையாது. அதன்மேல் தாவரச் சாற்றில் பதனிட்ட 1 மி.மீ. தோலை நனைத்துப் போர்த்தி, பின்புறத்தின் நடுவில் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்கவேண்டும். தோல் காயும்போது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். தோலுக்கு அடியில் மெல்லிய கயிறுகளைக் குறுக்கே வைத்துப் போர்த்தினால் புடைப்பு வரிகள் வரும். அவை தோள்வார் நழுவாமலும் தடுக்கும். வாள் இல்லாமல் காயவிடுங்கள்.

பிறகு பூண்கள். 0.8 மி.மீ. பித்தளைத் தகடு போதும். வாய்ப்பூணின் உள்விளிம்பு மரத்தின் வாயைவிட ஒரு மயிரிழையளவாவது வெளியே தள்ளி நிற்கவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கூர் பித்தளையைச் சந்திக்கும். முனைப்பூணைப் பசையால் பிடிக்கவைப்பதே நல்லது. ஆணி அடித்தால் அதன் நுனி உள்ளே எட்டிப்பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தொங்கலை உங்கள் வாளின் மரபுக்கு ஏற்பக் கட்டிக்கொள்ளலாம்.

உருவுதலும் உறையிலிடுதலும்

உறையைப் பற்றும் கையின் விரல்கள் கூர்ப்பக்கத்துப் பொருத்துவாயைச் சுற்றி வளையக்கூடாது. பக்கச் சுவர்களை மட்டும் பற்றவேண்டும். காரணம் எளியது: பசை விட்ட உறையில், அவசரமாக உருவும் கூர்வாள் மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்து விரலை வெட்டிவிடும். வாள்பயிற்சி அளிக்கிறவர்கள் முதல் நாளிலேயே இதைச் சொல்லித் தருவது இதனால்தான்.

வளைந்த ஒருபுறக் கூர்வாளாக இருந்தால் கூரை மேல்நோக்கித் திருப்பி, முதுகு மரத்தில் சறுக்கும்படி உருவுங்கள். முதலில் கட்டைவிரலால் கைக்காப்பைத் தள்ளி வாயின் பிடியை விடுவிக்கவேண்டும். செருகும்போது பார்வை வாயில் இருக்கட்டும். முதுகை வாயின் விளிம்பில் சாய்த்து, முனை வாய்க்குள் விழும்வரை இழுத்து, பிறகு மெதுவாகத் தள்ளுங்கள். வேகமாகச் செருகிக் காட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

கட்டைவிரலால் பிடியை விடுவிப்பதை ஜப்பானியர் ‘கெண்டைவாயை வெட்டுதல்’ என்பார்கள். 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவதை அரசு தடைசெய்த பிறகும் உறைச் சொற்கள் அந்த மொழியில் உயிரோடு இருக்கின்றன. பிரிந்த கணவனும் மனைவியும் சேர்ந்தால் ‘பழைய உறைக்குத் திரும்பினார்கள்’ என்பார்கள். இருவருக்குள் ஒத்துப்போகாவிட்டால் ‘வளைவு பொருந்தவில்லை’: அலகின் வளைவும் உறையின் வளைவும். ஒரே பெண்ணுக்காக இருவர் போட்டியிட்டால் அது ‘உறை உரசல்’. எதிரெதிரே நடந்துபோகும் வீரர்களின் உறைகள் மோதிக்கொண்டால் சண்டை மூண்ட காலத்தின் நினைவு. நம்மிடம் ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்கமுடியாது என்ற பழமொழி இருக்கிறது. இந்தியிலும் அதே கருத்தில், மியானை, அதாவது உறையைச் சொல்லி, ஒரு பழமொழி வழங்குகிறது. ஓர் உறையைச் சொந்தக் கையால் குடைந்து பார்த்தவருக்கு இந்த வழக்குகளின் உண்மை நன்றாகவே தெரியும்: உறை ஒரே ஓர் அலகுக்காக மட்டும் பிறக்கிறது.

பேணுதல்

வெளியே எடுத்த வாளை விரல்பட்ட இடத்தைத் துடைக்காமல் உறையிலிடாதீர்கள். வியர்வையின் உப்பு ஒரே இரவில் தடம் பதிக்கும். துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் விட்டுச் செருகுங்கள். சொட்டும் அளவுக்கு எண்ணெய் இருந்தால் மரம் அதைக் குடித்து, தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை உறையைக் கவிழ்த்து, உள்ளங்கையால் தட்டித் தூசியை உதிருங்கள்.

தோலுறையில் நெடுநாள் வைக்கவேண்டாம். தோல் ஈரத்தை இழுக்கும். அதைப் பதனிட்ட அமிலம் எஃகைத் தேடும். அணிவதற்குத் தோலுறை, வைப்பதற்கு மரவுறை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஜப்பானில் இதற்கென்றே ‘ஷிராசயா’ என்ற வெள்ளையுறை உண்டு. அரக்கும் அலங்காரமும் இல்லாத வெறும் மரம். அலகு அதில் ஓய்வெடுக்கும். அலங்கார உறைக்குள் ஒரு மர அலகைப் போட்டு வைப்பார்கள்.

மரவுறையின் வல்லமைக்குச் சான்று வேண்டுமானால், சீனத்தின் ஹுபே மாகாணத்தில் 1965-இல் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த யுவே நாட்டு அரசர் கோஜியானின் வாளைச் சொல்லலாம். காற்றுப் புகாமல் பொருந்திய மரவுறைக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்த அந்த வெண்கல அலகு, உருவியபோது பளபளப்போடும் கூரோடும் இருந்தது.

வாள் உள்ளே சிக்கிக்கொண்டால்

உருவவும் முடியாமல் செருகவும் முடியாமல் நிற்கும் நிலைக்கு ஜப்பானியத்தில் ஒரு மரபுத்தொடரே உண்டு. இக்கட்டில் மாட்டிக்கொண்டவரை அப்படிச் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஈரமோ துருவோதான். இழுக்கும் வேகத்தைக் கூட்டாதீர்கள். உறையை உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் கிடத்துங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வேண்டாம், மரம் வெடிக்கும். வீக்கம் இறங்கினால் வாள் தானாக விடும். விடவில்லை என்றால் அலகின் முதுகோரமாக வாயில் இரண்டு துளி மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் செங்குத்தாக நிறுத்திவையுங்கள். பிறகு ஒருவர் உறையின் பக்கச் சுவர்களைப் பற்ற, மற்றவர் கைப்பிடியைப் பற்ற, பக்கவாட்டில் ஆட்டாமல் நேர்க்கோட்டில் இழுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், வாளின் பழமையைப் பொறுத்து முடிவெடுங்கள். பழம்பொருள் என்றால் அப்படியே விட்டு, பொருள் காப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துவிடவேண்டும். புதிய உறை என்றால் மேற்போர்வையின் தையலைப் பிரித்து, துணிச்சுற்றை அறுத்து, மெல்லிய கத்தியைப் பொருத்துவாயில் வைத்து மரப்பாளங்களைப் பிரிக்கலாம். ஜப்பானிய உறை செய்வோர் வலுவான பசைகளை விட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்த பசையால் ஒட்டியது இந்த நாளை நினைத்துத்தான். அது உறையைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு வலுவானது. மரம் பிளப்பதற்கு முன் தானே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மென்மையானது. பிரித்து, துருவைச் சுத்தம் செய்து, அதே சோற்றுப்பசையால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம்.